கிராஞ்சியிலிருந்து துபாய் மண் தடத்துக்குப் போன தம்பிக்கு

வணக்கம் சகோதரரே. சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் பயிற்சிக் குதிரை ஓட்டிய உங்கள் தம்பி, துபாயில் மண் தடத்தில் குதிரை மற்றக் குதிரைகளின் பின்னால் போகவே மறுக்கிறது, தன் கைத்திறன் போய்விட்டதோ என்று கலங்குகிறார் என எழுதியிருந்தீர்கள். கைத்திறன் எங்கும் போகவில்லை. தடம்தான் மாறியிருக்கிறது.

நானும் கிராஞ்சியில் காலைப் பயிற்சி ஓட்டியவன். அங்கிருந்த பாலிடிராக் என்ற செயற்கைத் தடம் மணலும் ரப்பர்த் துணுக்கும் செயற்கை இழையும் கலந்து மெழுகு பூசியது. மழை கொட்டினாலும் நீர் இறங்கிவிடும். வீடு திரும்பிக் காலணியைத் தட்டினால் மெழுகு மணல் ஒட்டிக்கொண்டு உதிராது.

மண் தடம் வேறு. முன்னால் ஓடும் குதிரை வாரி இறைக்கும் மண் முகத்தில் அறையும். பழகாத குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கத்தான் செய்யும். அதை அடிக்கக் கூடாது, பாவம். முதலில் ஒரே ஒரு குதிரைக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில், மெதுவோட்டத்தில் பழக்கச் சொல்லுங்கள். பிறகு இடைவெளியைக் குறைக்கலாம். தம்பி இரண்டு மூன்று கண்காப்புக் கண்ணாடிகளை அடுக்கி அணிந்து, மண் படியப் படிய ஒன்றொன்றாகக் கீழே இழுத்துவிடட்டும்.

துபாயின் மெய்தான் பந்தயத் திடலிலும் 2010 முதல் செயற்கைத் தடம்தான் இருந்தது. 2015 துபாய் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயத்தை மண் தடத்தில் நடத்தினார்கள். அமெரிக்கக் கணக்கில் செயற்கைத் தடத்தில் குதிரைச் சாவு குறைவு. எனக்கு அந்த மாற்றம் இன்றும் வருத்தம்தான்.

ஓட்டம் முடிந்ததும் குதிரையின் கண்களைச் சுத்தமான நீரால் கழுவச் சொல்லுங்கள்.