வாசகர் கேள்வி - பதில்: ஞாயிறு மட்டும் வரைந்தவருக்கு வாரம் முழுவதும் கிடைத்தால்?

கேள்வி: அறுவை சிகிச்சை நிபுணராக 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். கல்லூரி நாளில் பிடித்த எண்ணெய் வண்ண ஓவியத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் விடாமல் தொடர்ந்தவன். இப்போது தினமும் வரைகிறேன், ஆனால் நிறமெல்லாம் சேறாகிவிடுகிறது, ஒரு படத்தில் வெடிப்பும் விழுந்துவிட்டது. வயதாகி, கை போய்விட்டதா?

பதில்: கை எங்கேயும் போகவில்லை டாக்டர். வாரத்தின் மற்ற ஆறு நாட்கள் இத்தனை காலம் உங்களுக்குத் துணையாக இருந்தன, அதைத்தான் இழந்திருக்கிறீர்கள். எண்ணெய் வண்ணம் வாட்டர்கலர் மாதிரி ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலிருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிறது, மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் பிடிக்கும். நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நாளெல்லாம் கேன்வாஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஞாயிறன்று நீங்கள் வந்தபோது கீழ்ப்பூச்சு தயாராக இருந்தது. இப்போது திங்களன்று போட்டதன் மேல் செவ்வாயே தூரிகையை வைத்தால் அடிநிறம் கலங்கி மேலே வரத்தான் செய்யும். மேல்பூச்சு முந்திக் காய்ந்து இறுகிய பிறகு அடிப்பூச்சு மெல்ல அசைந்தால் வெடிப்பு. அடியில் ஐவரி பிளாக் என்ற கறுப்பைப் போட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள், அது காய ரொம்ப நாள் எடுக்கும்; பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் காயும். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று நான்கு கேன்வாஸ்களைச் சுழற்சியில் வையுங்கள். தொடுவதற்கு முன் ஓரத்தில் நகத்தை லேசாக அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் அன்றைக்கு அந்தப் படம் வேண்டாம். காயட்டும் என்று இருட்டில் மட்டும் அடைத்துவிடாதீர்கள். என் வெள்ளைப் பூக்கள் ஓவியம் ஒன்று அலமாரியில் கிடந்து மஞ்சள் பூத்துவிட்டது, வெளிச்சமான சுவரில் சில வாரம் மாட்டிய பிறகுதான் வெள்ளை பெருமளவு திரும்பியது. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம், பொறுங்கள்.

அப்புறம் ஒன்று. ஹென்றி ரூசோ பாரிஸ் நகரச் சுங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர், 1893-ல், 49 வயதில், வேலையை விட்டார். அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 'தூங்கும் ஜிப்சி' 1897-ல் வந்தது. ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் ஆண்டுகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற எஞ்சினியரான என் கணவர் வரையும் அறையில் எண்ணெய் துடைத்த துணிகள் குவிந்து கிடக்கின்றன. ஆபத்து இல்லையே?

பதில்: ஆபத்துதான் அம்மா, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அதே ஆக்ஸிஜன் சேர்க்கையில் சூடு பிறக்கிறது, கசக்கிக் குவித்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பு இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். தனித்தனியாக விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள். டர்பன்டைன் நெடிக்கு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். கண்புரையால் நிறம் பிடிபடவில்லை. ஓவியத்தை நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேக்கு 1912-ல் கண்புரை என்று தெரிந்தது, அறுவை சிகிச்சை செய்துகொண்டது 1923-ல், 82 வயதில். இடையில் டியூபின் லேபிளைப் படித்தும், நிறம் கலக்கும் பலகையான பேலட்டில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்தும் வரைந்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கண் மருத்துவரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள். சிகிச்சை முடிந்ததும் நீலம் திடீரென்று பளிச்சென்று தெரியலாம், பழைய படங்களெல்லாம் தப்பாகத் தோன்றும். கண் பழகும் வரை அவற்றில் ஒரு கோடுகூடத் திருத்தாதீர்கள்.