லிப்டன் சீட்: ஏற வேண்டாம், இறங்குங்கள்

அம்மாவுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனாலும் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குப் பக்கத்திலுள்ள லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைப் பாதையில் நடக்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஏறவே வேண்டாம். விடியற்காலையிலேயே அப்புத்தளை டவுனில் ஆட்டோ பிடித்து உச்சிக்குப் போய்விடுங்கள். 9, 10 மணிக்கு மேல் பெரும்பாலும் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அப்புறம் தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை வரை 7 கிலோமீட்டர் இறக்கம்தான். 1890இல் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது.

வழியெல்லாம் தேயிலை, தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்கள். கொழுந்து நிறுக்கும் இடம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள்: தராசுக் கொக்கியில் சாக்கு ஆடி ஓய்வதற்குள் கொழுந்து பறிக்கும் அக்காமார் கிலோவை எட்டிப் பார்த்துவிடுவார்கள். மழை பெய்திருந்தால் மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள், அட்டை! எனக்கு ஒரே சொக்ஸுக்குள் மூன்று. தொழிற்சாலையிலிருந்து டவுனுக்கு பஸ் இருக்கிறது.