டிசைன் படிக்கும் மாணவர் வெப் டைப்போகிராபிக்காகக் கோடிங் கற்க வேண்டுமா?

கற்க வேண்டும். நீங்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அப்போதுதான் இந்தக் கேள்வி வரும். கோடிங் தெரியாத அருமையான டிசைனர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ் எழுத்தை வைத்து வெப்பில் ஏதாவது செய்ய ஆசை இருந்தால் கோடிங் இல்லாமல் முடியாது.

2022இல் என் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 'கொக்கு' என்ற சொல்லை எடுத்தேன். மவுஸ் பக்கத்தில் வந்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோக வேண்டும், அவ்வளவுதான். பி5 ஜேஎஸ் என்ற, படம் வரையவும் அசைக்கவும் உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த கோடில்) என் பெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தபோது அழகாகப் பறந்தது. தமிழில் போட்டேன். மூன்று எழுத்துக்குப் பதில் ஆறு துண்டுகள் பறந்தன! 'கொ'விலிருந்து க தனியே போனது. கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே போயின. க்-இன் புள்ளிகூடத் தனியாக மிதந்தது. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்பது க, ொ என்ற இரண்டு குறிகள். சொல்லைத் துண்டாக்க ஸ்ப்ளிட் என்ற கட்டளையைப் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் குறிகளைத்தான் பிரிக்கும், நாம் படிக்கும் எழுத்துகளை அல்ல. எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைத் தேடிப்பிடித்துப் போட்டதும் கொ, க், கு என்று மூன்றும் சரியாகப் பறந்தன. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆசிரியர்கள் ப்ராஜெக்டை மதிப்பிடும் ஜூரி அன்று அரங்கில் இருந்த கம்ப்யூட்டரில்தான் காட்ட வேண்டும் என்றார்கள். அதில் ஃபயர்பாக்ஸ் மட்டும். அந்த வசதி ஃபயர்பாக்ஸுக்கு 2024 ஏப்ரலில்தான் வந்தது. வெள்ளைத் திரை. இன்னும் அரை மணி நேரம் இருந்தது. க, ங முதலான எழுத்துக்குப் பின்னால் கால், கொம்பு, புள்ளி எது வந்தாலும் அதோடு ஒட்டிவை என்று நானே பத்து வரி எழுதினேன். அந்தப் பத்து வரிதான் அன்று ஓடியது. "லைப்ரரி போட்டால் போதுமே" என்று சிலர் இங்கே எழுதுவார்கள். லைப்ரரி சரியாகப் பிரித்ததா என்று பார்க்கவாவது உள்ளே நடப்பது தெரிய வேண்டாமா?

எனக்கு வலித்தது அதன்பின் ஜூரியில் வந்த கேள்வி: "தமிழில் எதற்கு, போர்ட்ஃபோலியோவில் யார் படிப்பார்கள்?" ஆங்கிலத்தில் செய்த நண்பர்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோடிங் தெரியும் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வெப்சைட் கேட்பார்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து ஒன்று செய்து கொடுத்தேன். மண்டப அலங்காரத்துக்குக் கேட்ட தொகையைக் கொடுத்தார்கள், எனக்கு ஒரு தாம்பூலப் பைதான். அட்வான்ஸ் வாங்காமல் தொடங்காதீர்கள்.

அப்புறம், ஃபான்ட் வாங்கப் பணம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். அனெக் தமிழ் இலவசம், வேரியபிள் ஃபான்ட், தடிமனையும் அகலத்தையும் கோடிலேயே மாற்றலாம். என் கொக்கை இப்போது அதில்தான் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். பறக்கும்போது எழுத்து மெலிந்துகொண்டே போகிறது.