ஜாக்சன் ஸ்டேட் பெயர் பட்டியலில் இல்லாதது தவறல்ல

நண்பரே, அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரிப் போட்டிகளின் இரண்டாம் நிலைப் பிரிவான எஃப்சிஎஸ்ஸின் 2024 பிளேஆஃப் (சீசன் முடிவு நாக்-அவுட் சுற்று) அட்டவணையின் 24 அணிகளில், எஸ்டபிள்யூஏசி லீக்கின் சாம்பியன் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியைக் காணோமே, அட்டவணையே தப்பா என்று கேட்டிருந்தீர்கள். அட்டவணை சரிதான், அவர்கள் போன வழி வேறு.

எஸ்டபிள்யூஏசி, எம்இஏசி இரண்டும் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளின் லீக்குகள். 2015 முதல் இவற்றின் சாம்பியன்கள் பிளேஆஃபுக்குப் போகாமல் அட்லாண்டாவில் செலிப்ரேஷன் பௌல் என்ற தனிப் போட்டியில் மோதுகிறார்கள். 2024 டிசம்பரில் ஜாக்சன் ஸ்டேட் அங்கே சவுத் கரோலினா ஸ்டேட்டை 28-7 என்று சாய்த்தது.

தேதிகளைப் பாருங்கள், புரிந்துவிடும். பிளேஆஃப் முதல் சுற்று நவம்பர் இறுதியில், நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வாரக் கடைசியில். அதே நாட்களில்தான் நியூ ஆர்லியன்ஸில் எஸ்டபிள்யூஏசி அணிகளான கிராம்ப்ளிங்கும் சதர்னும் மோதும் பேயூ கிளாசிக் ஆட்டம். எஸ்டபிள்யூஏசி இறுதிப்போட்டியோ டிசம்பர் தொடக்கத்தில். அந்தக் கூட்டத்தையும் டிவி வெளிச்சத்தையும் விட்டுவிட்டு யார் வடக்கே குளிரில் போய் ஆடுவார்கள்? நான் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. சாம்பியன் ஆகாத அணியைத் தேர்வுக்குழு அழைக்கலாம். 2021இல் எஸ்டபிள்யூஏசி அணியான ஃபுளோரிடா ஏ அண்ட் எம் அப்படித்தான் உள்ளே வந்து முதல் சுற்றிலேயே தோற்றது.

அப்புறம், நீங்கள் கேட்ட 2024 சீசன் பிளேஆஃப் கோப்பை நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்கு, மொன்டானா ஸ்டேட்டை 35-32 என்று வென்று.