குளிர் தாங்கும் திராட்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் முந்திரிகைப் பந்தல், அதாவது திராட்சைப் பந்தல், வைத்திருந்தோம். இங்கே கனடாவில் கடையில் "விதையில்லாத் திராட்சை" என்று மட்டும் எழுதியிருந்த கன்றை வாங்கி நட்டேன். ஒவ்வொரு வின்ரருக்கும் மேலே எல்லாம் காய்ந்துபோகிறது. வசந்தத்தில் அடியிலிருந்து நன்றாகத் துளிர்க்கிறது, ஆனால் ஒரு குலைகூடக் காய்க்கவில்லை. வேறு எந்த இனம் வைக்கலாம்? – வாசகி, ஸ்காபரோ

இனத்தின் பெயர் எழுதாத திராட்சைக் கன்றை வாங்கவே வேண்டாம். திராட்சை, போன வருடம் வளர்ந்து முற்றிய குச்சியிலிருந்து இந்த வருடம் வெடிக்கும் தளிரில்தான் காய்க்கும். வருடாவருடம் அடிவரை காய்ந்தால், காய்க்கும் குச்சியே உங்களிடம் மிஞ்சுவதில்லை. அது ஒட்டுக்கன்றாக இருந்தால் இன்னும் மோசம்: அடியிலிருந்து வருவது நீங்கள் காசு கொடுத்த இனமல்ல, ஒட்டுக்கட்டை, அதாவது வேருக்காகக் கீழே வைத்து ஒட்டிய வேறு இனம். குளிர் தாங்கும் இனங்களைச் சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். மேலே கருகினாலும் அதே இனம்தான் திரும்ப முளைக்கும்.

யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் அதிகம் இருப்பது இஸ்ரேல் புளூ. அங்கே கொடி உறங்குவதில்லை. நாம் வெட்டும்போது துளிர்க்கும், வருடத்துக்கு இரண்டு தரம்கூடக் காய்க்கும். அந்த வகை ஐரோப்பியத் திராட்சைகளின் மொட்டு மைனஸ் 20 டிகிரியை ஒட்டியே செத்துவிடும். இங்கே வேண்டியது வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இரத்தம் கலந்த கலப்பினம்.

ஸ்காபரோவுக்கு, சாப்பிடுவதற்கென்றால் என் முதல் தெரிவு சமர்செற் சீட்லெஸ். விஸ்கொன்சினில் எல்மர் சுவென்சன் உருவாக்கிய இனம். விதையில்லாதவற்றில் இதைவிடக் குளிர் தாங்குவது அரிது. மைனஸ் 30ஐத் தாண்டியும் பிழைக்கும். பழம் சிறியது, இளஞ்சிவப்பு, ஓகஸ்ட் கடைசியிலிருந்து பழுக்கும். விதை பரவாயில்லை என்றால் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் புளூபெல் நல்லது, ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதன் இலை மஞ்சளிக்கும். ஹிம்ரொட், கொரனேஷன் இரண்டும் ருசியானவை. ஏரிக்குப் பக்கத்தில் காற்று மறைப்பான இடத்தில் வரும், வடக்கே போகப் போகச் சூதாட்டம்தான். 1849இல் மசாசூசெற்ஸில் தெரிவான கொன்கோர்ட் குளிரைத் தாங்கும், ஆனால் பழுக்கச் செப்டெம்பர் கடைசி, சில வருடம் ஒக்டோபரும் ஆகும். மார்க்கெற், ஃபுரொன்ரனாக் என்ற பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவை வைனுக்கானவை, புளிப்பு பல்லைக் கூசவைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேபலில் போட்டிருக்கும் குளிர் அளவு, நன்றாக முற்றிய குச்சிக்கு மட்டுமே பொருந்தும். செப்டெம்பரில் கொடியைப் பாருங்கள். பச்சைக் குச்சி அடியிலிருந்து நுனிநோக்கிப் பழுப்பாகிக்கொண்டு வரும். எதுவரை பழுப்போ அதுவரைதான் வின்ரரில் தப்பும். பச்சையாக நிற்கும் பகுதி, எந்த இனமானாலும், முதல் கடுங்குளிரிலேயே போய்விடும். நிழல், அளவுக்கு மிஞ்சிய பசளை, பிந்திய தண்ணீர், இளங்கொடியில் அதிகக் குலை ஆகியவைதான் முற்றுவதைக் கெடுப்பவை. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

எட்மன்ரனில் திராட்சை சாத்தியமா? – வாசகர், எட்மன்ரன்

சாத்தியம். வேலியன்ற் வையுங்கள். காட்டு ஆற்றங்கரைத் திராட்சையோடு கலந்து தென் டக்கோற்றா மாநிலப் பல்கலைக்கழகம் 1982இல் வெளியிட்ட இனம்; மைனஸ் 40க்கும் அசையாது. சிறிய கருநீலப் பழம், விதை உண்டு, ஜூஸுக்கும் ஜாமுக்கும் சிறந்தது. அங்கே உங்களுக்குப் பிரச்சினை ஜனவரி அல்ல, கோடை குறுகியது. தெற்கு நோக்கிய சுவரோரம், கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி நடுங்கள். வேலியன்ற் வசந்தத்தில் அவசரமாகத் துளிர்க்கும். மைனஸ் 2இல் இளந்தளிர் கருகும். வானம் தெளிந்து காற்றில்லாத மே இரவுகளில் பழைய பெட்ஷீற்றால் மூடிவிடுங்கள். பிளாஸ்ரிக் தளிரில் பட்டால், பட்ட இடமே கருகும்.

இலைகள் விசிறிபோல ஒடுங்கி, நரம்புகள் நெருக்கியடித்து வந்தால் அது நோயல்ல. அயலவர் புல்தரைக்கு அடித்த டூ-ஃபோர்-டி களைகொல்லி காற்றில் வந்திருக்கிறது. திராட்சை அதற்கு மிகவும் நொந்துபோகும் பயிர். ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டுப் புல்தரைக்கு அதைப் பாவிக்கத் தடை உண்டு, அல்பேர்ட்டாவில் கடையிலேயே கிடைக்கிறது. பக்கத்து வீட்டாரோடு ஏப்ரலிலேயே பேசி வையுங்கள்.

நடும் முறையையும் கம்பி கட்டும் அளவுகளையும் சொல்லுங்கள். பந்தலாகப் போடலாமா? – வாசகர், மார்க்கம்

தோண்டுவதற்கு முன் "ஒன்ராறியோ ஒன் கோல்" சேவையில் பதிந்து, காஸ், மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம். தூணுக்குத் தோண்டுகிறவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது, சட்டம்.

நாளுக்கு 7, 8 மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும். மார்க்கம் பக்கம் பெரும்பாலும் களிமண். கிடங்கு வெட்டித் தண்ணீரை நிரப்புங்கள். அடுத்த நாளும் தேங்கி நின்றால் 25 செ.மீ. உயர மேடு கட்டி அதில் நடுங்கள். நடுவது மே மாதம். வெறும் வேரோடு வந்த கன்றை 3, 4 மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். கிடங்கு வேர் விரியும் அளவுக்கு, 35 செ.மீ. ஆழம் போதும். அதற்குள் மாட்டெருவோ உப்புப் பசளையோ வேண்டாம், எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். கொடிக்குக் கொடி 2 முதல் 2.4 மீற்றர். பெரும்பாலான தோட்ட இனங்கள் தன் பூவாலேயே காய்ப்பவை, ஒரு கொடி வைத்தாலும் காய்க்கும்.

தூண் 2.6 மீற்றர், 75 செ.மீ. மண்ணுக்குள், சுற்றிச் சரளை போட்டு இடித்து இறுக்கவும். ஆழம் குறைந்தால் நிலம் உறையும்போது தூணை மேலே தள்ளிவிடும். ஒரு கம்பி 90 செ.மீ. உயரத்தில், கன்று ஏறுவதற்கு. மற்றது 1.8 மீற்றரில், கைகள் (தண்டிலிருந்து இரு பக்கமும் விடும் கிளைகள்) படுப்பதற்கு. காட்டுத் திராட்சை கலந்த இனங்களின் தளிர் கீழ்நோக்கித் தொங்கும் சுபாவமுள்ளது. அதனால் மேல் கம்பியில் இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் அளவில் கை விட்டு, தளிரைத் தொங்கவிடுவதுதான் சுலபம். முதல் வருடம் ஒரே ஒரு பலமான தளிரைக் கம்பில் கட்டி மேலே அனுப்புங்கள். இரண்டாவது வருடம் அடியிலிருந்து இன்னொன்றையும் விட்டு இரண்டு தண்டாக வளருங்கள். ஒன்று குளிரில் வெடித்தால் மற்றது இருக்கும். முதல் இரண்டு வருடமும் பூங்குலைகளைக் கிள்ளி எறிய வேண்டும். மனம் வராது, ஆனாலும் எறியுங்கள். மூன்றாம் வருடம் பாதியை விடலாம்.

பந்தல் போடலாம், நிழலுக்கு அழகு. ஆனால் இங்கே பந்தலின் உட்புறத்தில் ஈரம் காயாமல் பூஞ்சணம் கூடும், மார்ச் குளிரில் ஏணியில் நின்று வெட்டவும் வேண்டும். பழம்தான் நோக்கம் என்றால் கம்பி வேலிதான் சரி.

எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது? போன ஏப்ரலில் வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் நாள்கணக்காகச் சொட்டியது. கொடி செத்துவிடுமா? – வாசகி, ஒட்டாவா

சொட்டுவது வேரிலிருந்து ஏறும் நீர். கொடிக்கு ஒரு கெடுதியும் இல்லை. மெழுகு பூசவோ துணி கட்டவோ வேண்டாம், துளிர்த்ததும் தானாக நிற்கும்.

இலையுதிர் காலத்தில் வெட்டாதீர்கள். எந்த மொட்டுப் பிழைக்கும் என்று அப்போது தெரியாது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்ல காலம். வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொடியின் பல இடங்களிலிருந்து, எப்படியும் வெட்டி எறியப்போகும் பென்சில் தடிப்புள்ள குச்சிகளில், 20 மொட்டுகள் வருமாறு எடுத்து இரண்டு நாள் வீட்டுக்குள் வையுங்கள். உறைந்த மொட்டு உடனே நிறம் மாறாது, அதற்குத்தான் இந்த இரண்டு நாள். பிறகு புது பிளேடால் மொட்டின் தலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவுங்கள். உள்ளே நடுவில் பெரிதாக ஒன்றும் பக்கத்தில் சிறிதாக இரண்டும் தெரியும். நடுவிலுள்ளது பச்சையென்றால் உயிர், மண்ணிறமென்றால் போய்விட்டது. பக்க மொட்டு துளிர்த்தாலும் பல இனங்களில் காய்ப்புக் குறைவு. காட்டுத் திராட்சை கலந்தவற்றில் அதுவும் ஓரளவு காய்க்கும்.

வளர்ந்த கொடிக்கு மொத்தம் 40 மொட்டுகள் போதும். ஒவ்வொரு கையிலும் 12 முதல் 15 செ.மீ.க்கு ஒரு குச்சி, குச்சிக்கு 3 மொட்டு என்று விட்டால் கணக்குச் சரியாக வரும். சோதனையில் 20இல் 8 செத்திருந்தால் 65 மொட்டு வரை விடுங்கள். இரண்டு, மூன்றுதான் என்றால் கணக்கை மாற்றத் தேவையில்லை. போன வருட வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தில் கிடக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவது இங்கேதான்: பாவம் பார்த்து நீளமாக விட்டு, நூறு சிறு குலைகள் வந்து, ஒன்றும் இனிக்காமல், குச்சியும் முற்றாமல் அடுத்த வின்ரரில் காய்ந்துபோகும்.

பிந்திய உறைபனி வரும் இடமென்றால், முதலில் குச்சிக்கு 8 மொட்டாக நீளமாக விட்டு, மேயில் ஆபத்து நீங்கியபின் மூன்றாகக் குறையுங்கள். நுனி மொட்டுதான் முதலில் வெடிக்கும். அது நிற்கும்வரை அடிமொட்டு உறங்கும்.

இலை மட்டும் காடுபோல, காய் இல்லை. வருடத்தில் மூன்று தரம் பசளை போடுகிறேன். – வாசகர், பிரம்ரன்

அந்தப் பசளைதான் காரணம். புல்தரைக்குப் போடும் நைதரசனும் கொடியின் வேருக்குப் போய்ச் சேரும். தளிர் 2 மீற்றர் தாண்டி, பக்கக் கிளையும் தடித்து ஓடினால் இரண்டு வருடத்துக்கு எதுவும் போடாதீர்கள். சாதாரணமாக ஏப்ரலில் ஒரு வாளி மக்கிய உரம் போதும். ஜூனுக்குப் பிறகு பசளையே வேண்டாம். வளர்ந்த கொடிக்கு ஓகஸ்ட் நடுவிலிருந்து தண்ணீரையும் குறையுங்கள்.

காய் பாதி வளர்ந்ததும் மண்ணிறமாகி, சில நாளில் கறுத்துச் சுருங்கி உலர்ந்த முந்திரிகை வற்றல்போல் ஆகிறது. கந்தகத் தூள் அடித்தும் நிற்கவில்லை. – வாசகி, ஏஜக்ஸ்

கறுப்பழுகல். இலையிலும் வட்டமான மண்ணிறப் புள்ளி இருக்கும். அதற்குள் மிளகுப் பொடி தூவியதுபோலக் கறுப்புக் குற்றுகள். கந்தகம் சாம்பல் நோய்க்கு உதவும், இதற்குப் பெரிதாகக் கேட்காது. கொன்கோர்ட் போன்ற இனங்களில் இலையையே எரித்துவிடும்.

இந்தச் சுருங்கிய காய்களில்தான் பூஞ்சணம் வின்ரரைக் கழிக்கிறது. வெட்டும்போது கம்பியில் தொங்குவதை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், வீட்டு உரக்குழியில் வேண்டாம். நிலத்தில் விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கள், அல்லது மண்ணோ மரத்தூளோ போட்டு மூடுங்கள். தொற்று ஏறுவது பூத்ததிலிருந்து நாலைந்து கிழமைக்குள். காய் கறுக்கும்போது மருந்து தேடுவதில் பயனில்லை. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த உடனேயே குலையைக் காகிதப் பையால் மூடி, காம்பில் ஸ்ரேப்பிள் அடித்துவிட்டால் பெரும்பகுதி தப்பும், குளவியும் குருவியும் அண்டாது. குலையைச் சுற்றிக் கிழக்குப் பக்க இலைகளில் இரண்டு, மூன்றைக் கிள்ளினால் காலைப் பனி சீக்கிரம் காயும்.

ஜூலையில் இலையைச் சல்லடையாக்கும் பச்சை, செப்பு நிற ஜப்பானிய வண்டுகளை அதிகாலையில், அவை சோம்பி இருக்கும்போது, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுங்கள்.

மொன்றியலில் ஹிம்ரொட் ஆசை. வின்ரரில் மூடி வைத்தால் தப்புமா? – வாசகர், மொன்றியல்

தப்பும், உழைப்பு உண்டு. தண்டை நேராக ஏற்றாமல் ஆரம்பத்திலிருந்தே நிலத்தோடு சாய்த்து வளருங்கள்; நிமிர்ந்து தடித்த தண்டு பின்னர் வளையாது, முறியும். நவம்பரில், இலை உதிர்ந்து நிலம் உறையுமுன், கம்பியிலிருந்து அவிழ்த்து, மேலதிகக் குச்சிகளை மட்டும் குறைத்து, நிலத்தில் படுக்கவைத்து 20 செ.மீ. மண்ணோ, அதைவிடத் தடிப்பாக வைக்கோலோ போடுங்கள். வைக்கோலுக்குள் எலி வந்து பட்டையைத் தின்னும், தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். ஏப்ரலில் மொட்டு வீங்குமுன் எடுத்துவிட வேண்டும். பிந்தினால் உள்ளேயே வெளிறித் துளிர்க்கும்.

வேலியோரம் தானாக வந்த கொடி வருடாவருடம் பூக்கிறது, காய்ப்பதில்லை. – வாசகி, ரொறன்ரோ

ஆற்றங்கரைக் காட்டுத் திராட்சையின் ஆண் கொடியாக இருக்கும். அதில் ஆணும் பெண்ணும் வேறுவேறு. பூத்து ஓயும், காய்க்காது. காட்டுக் கொடியில் பழம் கண்டால் பிள்ளைகள் வாயில் வைக்குமுன் ஒன்றைப் பிளந்து பாருங்கள். இதேபோலக் கறுப்புக் குலை தரும் மூன்சீட் என்ற நச்சுக்கொடி இந்தப் பக்கக் காடுகளில் உண்டு. அதற்குப் பற்றுக்கம்பி (பற்றி ஏறும் சுருள்) இல்லை, இலை விளிம்பில் பல் இல்லை, பழத்துக்குள் பிறைபோல வளைந்த ஒரே ஒரு தட்டை விதை. திராட்சைக்குப் பற்றுக்கம்பி உண்டு, விதை சிறு பேரிக்காய் வடிவம்.

ஊருக்குப் போகும்போது நல்ல கொடியில் குச்சி வெட்டிக் கொண்டு வரலாமா? – வாசகர், மிசிசாகா

வேண்டாம். திராட்சைக் கன்றும் குச்சியும் கனடாவுக்குள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வர முடியாது, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். நோயும் கூடவே வரும். வந்தாலும் வின்ரரைக் காணாது. இங்கே ஏற்கெனவே வளர்த்திருப்பவரிடம் மார்ச்சில் வெட்டி எறியும் குச்சியைக் கேளுங்கள். பென்சில் தடிப்பு, 25 முதல் 30 செ.மீ., 3 அல்லது 4 கணு. ஈரப் பத்திரிகையில் சுற்றிப் பிளாஸ்ரிக் பையில் பிரிட்ஜுக்குள் வைத்து, மேயில் இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு தலைகீழாகாமல் நடுங்கள். தலை தெரிய, வெட்டும்போதே மேல்முனையைச் சரிவாகவும் அடிமுனையை நேராகவும் வெட்டிக்கொள்வது நல்லது.

பழம் கறுத்த பிறகும் புளிக்கிறது. – வாசகி, விற்பி

நிறம் வந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிறம் மாறியபின் இனத்துக்கேற்ப இரண்டு முதல் நாலு கிழமை கொடியிலேயே நிற்க வேண்டும். பறித்தபின் மாம்பழம்போல் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. குலையின் நுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும், அதைச் சாப்பிட்டுப் பார்த்துப் பறியுங்கள். விதையுள்ள இனமென்றால் விதை பச்சை நீங்கி மண்ணிறமாகியிருக்க வேண்டும். குருவி வலையை நிறம் மாறத் தொடங்கும்போதே போட்டு, அடியில் கட்டிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.