பேக்பிளேட்டில் ஈயம் எவ்வளவு, எங்கே? வேலூர்ப் பக்கத்து டைவர்களின் கேள்விகள்

வேலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ மூன்று மணி நேரம் போக வேண்டும். அப்படியிருந்தும் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தவர்கள் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் ஜாக்கெட் பிசிடியை (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டையை) விட்டு பேக்பிளேட்டுக்கு மாறுகிறவர்கள் கேட்டவை இவை. பேக்பிளேட் என்பது முதுகில் வரும் உலோகத் தகடு. ஒரே நீள வெப்பிங் பட்டையை அதில் கோத்து ஹார்னெஸ் ஆக்குவோம். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விங் என்கிற காற்றுப்பை உட்காரும். ஈயம் என்பது மிதக்காமல் இறங்குவதற்காக மாட்டிக்கொள்ளும் எடை.

கே: சார், ஜாக்கெட்டில் 6 கிலோ ஈயம் போட்டு டைவ் செய்துவந்தேன். 3 மி.மீ. ரப்பர் சூட், அலுமினிய சிலிண்டர். இப்போது ஸ்டீல் பிளேட் வாங்கியிருக்கிறேன். எத்தனை கிலோ குறைக்கலாம்? (கல்லூரி மாணவர், காட்பாடி)

ப: ஸ்டீல் பிளேட் பெரும்பாலும் 2.7 கிலோ அளவில் இருக்கும் தம்பி. கடல்நீருக்குள் அது ஏறக்குறைய 2.5 கிலோ ஈயத்துக்குச் சமம். ஜாக்கெட்டின் மெத்தைகள் தாமாகவே கொஞ்சம் மிதக்கும். அதுவும் இப்போது இல்லை. ஆகவே 6 என்பது 3 கிலோவுக்கு வரலாம். ஆனால் எனக்குச் சந்தேகமே அந்தப் பழைய 6 மேல்தான். புதிதாகக் கற்பவர் சட்டென்று இறங்கட்டும் என்று பயிற்சியின்போது ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே மாட்டிவிடுவார்கள். பிறகு அதையே நம் எடை என்று எழுதி வைத்துக்கொள்கிறோம்.

சோதித்துத்தான் பார்க்க வேண்டும். டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, 5 மீட்டர் சேஃப்டி ஸ்டாப்பில் (மேலே வருமுன் சற்று நிற்கும் ஆழத்தில்) விங்கிலுள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) ஆட்டாமல், சாதாரணமாக மூச்சு விடுங்கள். நங்கூரக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நின்ற இடத்திலேயே நின்றால் எடை சரி. இறங்கினால் அடுத்த டைவில் ஒரு கிலோ எடுத்துவிடுங்கள். மேலே போகப் பார்த்தால் ஒரு கிலோ சேருங்கள்.

ஏன் முடிவில் என்றால், காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2200 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் என்றால் 2.6 கிலோவுக்கு மேல். 50 பாருக்கு வரும்போது அதில் 2 கிலோ தீர்ந்திருக்கும். இறங்கும்போது சரியாக இருந்தவர் அப்போது 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவார்.

கே: இந்தச் சோதனையை நீச்சல் குளத்தில் செய்தால் போதுமா? எங்கள் நிலத்தில் 60 அடிக் கிணறும் இருக்கிறது. (குடியாத்தம்)

ப: குளத்தில் செய்யலாம். ஆனால் கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. நீங்கள் 70 கிலோ, சாமான்கள் 30 கிலோ என்றால், குளத்தில் சரியான எடைக்கு மேல் கடலில் இன்னொரு இரண்டரை கிலோ வேண்டும். வங்காள விரிகுடாவில் உப்பு அரபிக் கடலைவிடக் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை குறையலாம், அவ்வளவுதான்.

கிணறு வேண்டாம். மோட்டார் குழாய், வயர், தொங்கும் கயிறு, படியில்லாத சுவர். ஏதாவது ஆனால் ஆளை மேலே தூக்க வழியில்லை. (வேலூர்க் கோட்டை அகழியில் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துமா?)

கே: அண்ணே, எங்கள் ஷூ கம்பெனியில் தடித்த தோலையே தைக்கும் மெஷின் இருக்கிறது. டி-ரிங்கை (சாமான் மாட்டும் D வடிவ வளையத்தை) பட்டையோடு சேர்த்து நிலையாகத் தைத்துவிடலாமா? (ஆம்பூர்)

ப: உங்கள் தையலில் குறையிருக்காது. ஆனால் இந்த ஹார்னெஸின் சௌகரியமே தையல் இல்லாததுதான். டி-ரிங்கை ஸ்டீல் ஸ்லைடரில் (பட்டை நுழையும் பிளவுகள் உள்ள சிறு தகட்டில்) கோத்து நிறுத்தினால், சூட் மாறும்போதும் உடம்பு மாறும்போதும் நகர்த்திக்கொள்ளலாம். தைத்துவிட்டால் அந்த இடத்தோடு சரி. தோலும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் விறைத்துப் போகும்.

தோள் டி-ரிங்கைப் பலர் மிகக் கீழே வைத்துவிடுகிறார்கள். சூட்டோடு ஹார்னெஸை மாட்டி, வலது கைக் கட்டைவிரலை இடது தோளில் வரும் பட்டையில் வைத்து இழுத்துப் பாருங்கள். கை சிரமமில்லாமல் போய் நிற்கும் இடம், பெரும்பாலும் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, அங்கேதான் ரிங். இடுப்புக் கொக்கி நடுவில் இல்லாமல் சற்று வலப்பக்கம் வரட்டும்; இரு கால்களுக்கு நடுவே வரும் கால்வழிப் பட்டை அதை உரசித் திறந்துவிடக் கூடாது. ஒன்றிரண்டு டைவ் முடியும்வரை மிச்சப் பட்டையை வெட்டாதீர்கள். வெட்டும்போது சாய்வாக வெட்டி, முனையை லைட்டரில் காட்டி உருக்கி, சூடு ஆறுவதற்குள் தட்டையாக அழுத்திவிடுங்கள். மொத்தையாக உருகி நின்றால் ஸ்லைடரில் நுழையாது.

கே: ராணிப்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் ஷாப் வைத்திருக்கிறேன். பிளேட்டை நானே செய்துகொள்ளலாமா?

ப: தாராளமாக. 3 மி.மீ. தடிப்பில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகத்தில் உப்பு நாளடைவில் குழி போடும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, சான்றிதழோடு வாங்குங்கள். விங் போல்ட்டுக்கான இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 11 அங்குலம். இது பொது அளவு, மாற்றாதீர்கள். பட்டை நுழையும் பிளவுகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விரல் கீறினால் பட்டையும் அறும்.

கே: எடை சரியாக இருக்கிறது, ஆனால் கால் மட்டும் தொங்குகிறது. எப்போதும் 45 டிகிரியில் நீந்துகிறேன். (சத்துவாச்சாரி)

ப: ஈயம் முழுக்க இடுப்பில் இருக்கும். அதில் ஒன்றிரண்டு கிலோவை எடுத்து, சிலிண்டரைக் கட்டும் மேல் பட்டையில் சிறு பைகளாக மாட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. தராசுத் தட்டை நகர்த்துவது போல, கொஞ்சம் இடம் மாறினாலே கோணம் மாறும். அப்புறமும் கால் தொங்கினால் சிலிண்டரையே இரண்டு விரற்கடை மேலே ஏற்றுங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் வால்வில் இடிக்காத அளவுக்கு. ரப்பர் ஃபின் கனமானதா என்றும் பாருங்கள். சில சமயம் குற்றவாளி அதுதான்.

கைகாலை ஆட்டாமல் அசையாது நின்று, உடம்பு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கவனித்தால்தான் தெரியும். நீந்திக்கொண்டே இருந்தால் கால் உதைப்பே தவறை மறைத்துவிடும்.

கே: பிளேட்டின் எடையைக் கழற்றிப் போட முடியாதே? விங் கிழிந்தால்? (பாகாயம்)

ப: நல்ல கேள்வி. மோசமான நேரம் டைவின் தொடக்கம்: சிலிண்டர் நிறைந்திருக்கும், 30 மீட்டரில் 4 பார் அழுத்தத்தில் சூட்டும் நசுங்கி மிதப்பை இழந்திருக்கும். மெல்லிய சூட்டில் இதெல்லாம் சேர்ந்து மூன்று, நான்கு கிலோ. அதை ஃபின்னால் உதைத்து மேலே கொண்டுவர முடிகிறதா என்று பயிற்சியாளரோடு ஆழம் குறைந்த இடத்தில் பழகிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அலுமினிய பிளேட்டுக்கு மாறி, வித்தியாசத்தைக் கழற்றக்கூடிய ஈயப் பையில் வையுங்கள். அந்தப் பையை மேற்பரப்புக்கு வந்தபின் விடுவதே நல்லது. ஆழத்தில் விட்டால் கட்டுப்பாடில்லாமல் மேலே போவீர்கள்.

கே: அந்தமானுக்கு எந்த பிளேட்?

ப: அலுமினியம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். ஈயம் அங்கே கிடைக்கும்.

கே: தோளில் பக்கிள் இல்லாததால் கழற்றவே முடியவில்லை. கை மாட்டிக்கொள்கிறது. எல்லாரும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? (செவிலியர், வேலூர்)

ப: பட்டையை இறுக்கிவிட்டீர்கள் மேடம். ஜாக்கெட் பழக்கம் அது. இங்கே சாமானை நிலையாகப் பிடிப்பது இடுப்புப் பட்டையும் கால்வழிப் பட்டையும்தான். தோளில் மூடிய கை நுழையும் இடைவெளி இருக்கலாம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் தளர்த்துங்கள். கழற்றும்போது முதலில் இடுப்புக் கொக்கி. பிறகு இடது முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டிக் கீழே இறக்கி, பட்டைக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். வலது கை தானாக வந்துவிடும்.