வீட்டு முகவரியைக் கேட்டு வந்த தகவல் விண்ணப்பம்: உத்தியோகத்தர் எதை மறுக்கலாம்?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஒரு பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கடமையாற்றுகிறேன். எமது கிளையிலுள்ளோரின் பெயர், பதவி, வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்டு ஒருவர் விண்ணப்பித்துள்ளார். தகவல் அலுவலர் என் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். காணி அனுமதிப்பத்திரம் கிடைக்காத ஒருவர் முன்னர் ஓரிரவு உப்புவெளியிலுள்ள என் வீட்டுக்கே வந்து மிரட்டினார். வயதான தாயாருடன் தனியே வசிக்கிறேன். முகவரி வெளிவராமல் தடுக்க முடியுமா?

பதில்: அன்புடைய சகோதரிக்கு, முடியும், ஆனால் பேசாமல் இருந்தால் முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 29 ஆம் பிரிவின்படி, அறிவித்தல் கிடைத்து ஏழு நாட்களுக்குள் மூன்றாம் தரப்பினர், அதாவது கேட்கப்பட்ட தகவலுக்குரியவரான நீங்கள், பதிலளிக்காவிட்டால், தகவல் அலுவலர் அத்தகவலை வழங்கியாக வேண்டும். எனவே இன்றே எழுதத் தொடங்குங்கள்.

உங்கள் ஆட்சேபம் வீட்டு முகவரியோடு மட்டும் நிற்கட்டும். பெயரையும் பதவியையும் கடமைப் பொறுப்பையும் அலுவலக முகவரியையும் மறைக்கக் கேட்பது சட்டப்படி நிலைக்காது. அது நியாயமும் அன்று. தம் காணி பற்றிய கோவையைக் கையாள்பவர் யாரென்று அறிவது, 2015 இல் 19 ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்த 14அ உறுப்புரை குடிமக்களுக்குத் தந்த உரிமையின் பகுதியாகும். காணிப் பிணக்குகளால் பல குடும்பங்கள் அலைந்து களைத்த எமது மாவட்டத்தில் அந்த உரிமையை ஓர் அங்குலமும் குறைக்க நான் உடன்படமாட்டேன்.

வீட்டு முகவரியின் நிலை வேறு. பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற, அல்லது வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடாக அமையும் தனிப்பட்ட தகவலை மறுக்க 5(1)(அ) பிரிவு இடமளிக்கிறது. பெரிய பொதுநலன் இருந்தால் அந்த விலக்கு விலகிவிடும். 6 ஆம் பிரிவோ மறுக்க வேண்டிய பகுதியை நீக்கி எஞ்சியதைக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே முகவரி நிரல் இல்லாத பட்டியலைக் கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபமில்லை என்று தெளிவாக எழுதுங்கள். விண்ணப்பதாரர் காரணம் கூறவில்லை என்று வாதிடாதீர்கள். காரணம் கூறும் கடமை அவருக்கு இல்லை.

வாக்காளர் இடாப்பில் முகவரி ஏற்கெனவே இருக்கிறதே என்ற மறுப்பு வரலாம். வாக்குரிமையைச் சரிபார்ப்பதற்காகக் கிராமவாரியாக இருக்கும் பதிவும், காணிக் கிளையில் இருப்போர் எந்த வீட்டில் உறங்குகிறார்கள் என்று ஒரே தாளில் திரட்டித் தரும் பட்டியலும் ஒன்றல்ல என்பதே அதற்குரிய பதில்.

இரண்டு சந்தர்ப்பங்களில் என் கருத்து மாறும். நீங்கள் அரச விடுதியில் இருந்தால், அது யாருக்கு, என்ன வாடகைக்கு ஒதுக்கப்பட்டது என்பது பொதுமக்கள் அறியவேண்டிய விடயம். உங்கள் பிரதேச செயலகப் பிரிவிலேயே உங்களுக்கோ உறவினருக்கோ காணி வழங்கப்பட்டிருந்தால் அந்த அனுமதிப்பத்திர விபரத்தையும் மறைக்க முடியாது. அங்கும் கிராம சேவகர் பிரிவு தெரிந்தாலே பெரும்பாலும் போதும், கதவிலக்கம் தேவைப்படாது.

மிரட்டல் பற்றி முறைப்பாடு செய்யாதிருந்தால், தாமதமானாலும் உப்புவெளி பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். குற்றமுறையான அச்சுறுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 486 ஆம் பிரிவின் கீழ்த் தண்டனைக்குரியது. அந்த முறைப்பாட்டின் பிரதி உங்கள் ஆட்சேபத்துக்கு வலுவூட்டும். ஆனால் இந்த விண்ணப்பதாரரே மிரட்டியவர் என்று ஆதாரமின்றி எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் ஆட்சேபித்தால் தகவல் அலுவலர் முகவரியை மறுக்க வேண்டும். விண்ணப்பதாரர் 14 நாட்களுக்குள், முதல் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பொதுநலன் உங்கள் தனிநலனை விஞ்சுகிறது என்று தெளிவாகக் காணப்பட்டால், ஆணைக்குழு முகவரியை வெளியிடப் பணிக்கவும் கூடும். எனவே கடிதத்தை நேரில் ஒப்படைத்து, திகதி முத்திரையிட்ட பிரதியைக் கையில் வைத்திருங்கள்.